பார்க்கர் 51 ஆன்லைனில் வாங்கினேன்: மை ஏறவில்லை, "எழுதாத புதுசு" என்பதும் சந்தேகம். திருப்பி அனுப்பவா, சுத்தம் செய்யவா?

மைத்துளி (கேள்வி)

வணக்கம். பழைய பேனா விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் பார்க்கர் 51 ஏரோமெட்ரிக் (உள்ளே தகட்டை அழுத்தி மை ஏற்றும் வகை) வாங்கியிருக்கிறேன். விளம்பரத்தில் இருந்த வாசகம் இதுதான்: "1950, இங்கிலாந்துத் தயாரிப்பு, பயன்படுத்தாத பழைய ஸ்டாக், 14 காரட் நிப், பர்கண்டி நிறம்." விலை 9,800 ரூபாய். வந்து மூன்று நாள் ஆகிறது, திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம்.

பிரச்சினைகள்:

மைப்புட்டியில் முக்கி, உள்ளே இருக்கும் தகட்டைப் பத்து தடவை அழுத்தியும் சில சொட்டுதான் ஏறுகிறது. முக்கால் பக்கம் எழுதுவதற்குள் காலி.

நிப்பின் பிளவு ஹூட்டின் (நிப்பை மூடியிருக்கும் முன்பக்கக் கூடு) கூர்முனைக்கு நேராக இல்லை. கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி நிற்கிறது.

மூடியில் "மேட் இன் இங்கிலாந்து" என்று இருக்கிறது. பேரலில் (பேனாவின் பின்பக்க உடம்பு) எழுத்தே இல்லை.

கடைக்காரரிடம் கேட்டால் "ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போடுங்க, சரியாயிடும்" என்கிறார். இது போலியா? ஊறப்போடலாமா?

பழையநிப்

ஊறப்போடாதீர்கள், இப்போதைக்கு. ஊறவைத்துக் கழுவினால் உள்ளே இருக்கும் பழைய மைக்கறை போய்விடும். "பயன்படுத்தாத புதுசு" என்று சொன்னது பொய் என்பதற்கு உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி அந்தக் கறைதான். முதலில் படம், பிறகு முடிவு, கடைசியில்தான் தண்ணீர்.

பேரலைக் கழற்றுங்கள். உள்ளே ஓர் உலோகக் கூடு, அதில் அழுத்தும் தகடு, அதற்குள் சாக், அதாவது மை தேங்கும் பை. இந்தச் சாக் ரப்பர் கிடையாது, தெளிவான ஒரு வகை பிளாஸ்டிக். அதனால்தான் எழுபது வருஷம் ஆனாலும் பல 51-களில் முதலில் போட்ட சாக்கே வேலை செய்கிறது. மை படாத சாக் கண்ணாடி மாதிரி இருக்கும், பயன்படுத்தியது பழுப்போ நீலமோ ஏறியிருக்கும். நீங்கள் ஏற்கெனவே ஒரு தடவை மை போட்டுவிட்டீர்கள், ஆனால் மூன்று நாள் மை அந்த அளவுக்குப் பழுப்பேற்றாது. கூட்டின் இடுக்கில் காய்ந்து மேலேறிய பழைய மை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேரலில் எழுத்து இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். இங்கிலாந்தின் நியூஹேவனில் செய்த 51-களில் பேரலில் எழுத்து இல்லாதவையும் உண்டு. அமெரிக்காவின் ஜேன்ஸ்வில்லில் செய்தவற்றில் ஹூட்டை ஒட்டிய உலோக வளையத்துக்குப் பக்கத்தில் மெல்லிய எழுத்தில் பொறித்திருப்பார்கள். பாலிஷ் போட்டுப் போட்டு அது தேய்ந்தும் போகும். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பேரலோடு கிட்டத்தட்டப் படுத்தபடி பிடித்து, பேனாவை மெதுவாக உருட்டிப் பாருங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாது.

ஹூட்டுக்காரன்

நிப் திரும்பி நிற்பது முக்கியமான தடயம். 51-இன் ஹூட்டைத் திருகி, அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். தொழிற்சாலையில் இருந்து வரும்போது பிளவும் முனையும் நேர்கோட்டில் இருக்கும். தள்ளி நிற்கிறது என்றால் யாரோ சூடு காட்டிக் கழற்றி, திரும்ப மாட்டும்போது சரிபார்க்கவில்லை. வளையத்துக்கு அருகில் குறடு பிடித்த தடம், அரக்குத் துணுக்கு ஏதாவது இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

மை ஏறாததற்கு ஒரு சோதனை இருக்கிறது. வெறும் தண்ணீர்தான், ஊறவைப்பது இல்லை. ஆனால் சாக்கைப் படம் எடுத்த பிறகு செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஹூட் மூழ்கும்வரை விட்டு, தகட்டை ஒரு தடவை அழுத்தி விடுங்கள், பிறகு இன்னொரு தடவை அழுத்துங்கள்.

குமிழே வரவில்லை, தகடும் முரண்டுகிறது என்றால் உள்ளே மை காய்ந்து அடைத்திருக்கிறது. இது சுத்தம் செய்தால் போகும்.

குமிழ் நன்றாக வருகிறது, ஆனால் விட்டபின் சாக் பழைய உருவத்துக்கு உப்பவில்லை என்றால் சாக் விறைத்துவிட்டது, அல்லது ஓட்டை.

முதல் அழுத்தத்தில் குமிழ், இரண்டாவதில் இருந்து குமிழுக்குப் பதில் உறிஞ்சிய தண்ணீரே வெளியே பீய்ச்சுகிறது என்றால் சாக்குக்குள் நிற்கும் காற்றுக்குழாய் ஒடிந்திருக்கிறது அல்லது இல்லவே இல்லை. உங்கள் அறிகுறிக்கு இதுதான் பொருந்துகிறது. நிப் கீழே பார்க்க இருக்கும்போது அந்தக் குழாயின் திறந்த முனை சாக்கின் மேற்பகுதியில் நிற்கும். ஒவ்வொரு அழுத்தத்திலும் மேலே இருக்கும் காற்று மட்டும் வெளியேறும், விடும்போது மை உள்ளே வரும், வந்த மை கீழே தங்கும். நாலைந்து அழுத்தத்தில் சாக் நிறைவது இப்படித்தான். குழாய் இல்லாவிட்டால், உள்ளே வந்ததையே அடுத்த அழுத்தம் வெளியே தள்ளிவிடும். பத்து தடவை என்ன, நூறு தடவை அழுத்தினாலும் ஒரு அழுத்தத்தின் அளவுதான் மிஞ்சும். ஊறவைத்தாலும் இது சரியாகாது.

அழுத்தி விட்டதும் அடுத்த அழுத்தத்துக்கு முன் இரண்டு மூன்று வினாடி பொறுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மடமடவென்று அடித்தால் நல்ல பேனாவும் நிறையாது.

இடதுகை

நிப்பில் காந்தம் வைத்துப் பாருங்க சார். தங்கம் ஒட்டாது.

பழையநிப்

அது ஒருபக்கச் சோதனை. ஒட்டினால் தங்கம் இல்லை என்று சொல்லலாம். ஒட்டாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, துருப்பிடிக்காத எஃகில் பல வகைக்கும் காந்தம் பிடிக்காது. அதிலும் 51-இல் வெளியே தெரிவது நிப்பின் நுனி மட்டுமே, மீதி முழுவதும் ஹூட்டுக்குள். அதைவிட நிப்பின் உருவத்தைப் பாருங்கள். அசல் 51-இன் நிப் உருண்டையான குழல். இதே தோற்றத்தில் வரும் சீன நகல்களில் பெரும்பாலும் மடித்த சிறிய எஃகுத் தகடுதான் இருக்கும். நம் ஊரில் பள்ளிக்கூடப் பைகளில் கிடந்த ஹீரோ 616 இந்த 51-ஐப் பார்த்துச் செய்ததுதான். அதன் உடம்பில் பார்க்கர் மூடியைச் செருகி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று: பார்க்கரே "51 ஸ்பெஷல்" என்று எஃகு நிப் வைத்து விற்றது. அது அசல்தான், ஆனால் "14 காரட்" என்று சொல்லி விற்றால் அது தவறான விவரம்.

மைத்துளி

எல்லாம் பார்த்துவிட்டேன். சாக் காப்பித்தண்ணி நிறம். கூட்டின் இடுக்கில் கருநீலம் காய்ந்திருக்கிறது, நான் போட்டது ராயல் ப்ளூ. நிப் குழல் வடிவம்தான். குமிழ்ச் சோதனை அப்படியே மூன்றாவது வகை.

டார்ச் அடித்ததில் பேரலில் எழுத்து தெரிந்தது! ரொம்ப மங்கல். "மேட் இன் யு.எஸ்.ஏ." என்பது உறுதி. மூடியோ இங்கிலாந்து. அப்படியானால் போலி என்று புகார் கொடுத்துவிடலாமா?

வாங்குமுன் யோசி

"போலி" என்ற சொல்லைப் புகாரில் எழுதவே எழுதாதீர்கள். உடம்பு அசல் பார்க்கர், மூடியும் அசல் பார்க்கர். கடைக்காரர் "இது அசல்" என்று ஒரு பழுதுபார்ப்பவரிடம் எழுதி வாங்கிக் காட்டினால் உங்கள் புகார் அங்கேயே படுத்துவிடும். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக என்ன வந்திருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள்:

"இங்கிலாந்துத் தயாரிப்பு என்று விவரம், பேரலில் அமெரிக்கப் பொறிப்பு. பயன்படுத்தாதது என்று விவரம், ஆனால் சாக் கறைபட்டுள்ளது, நான் பயன்படுத்தாத நிறத்தில் காய்ந்த மை உள்ளது, பேரல் பொறிப்பு பாலிஷில் தேய்ந்துள்ளது. ஹூட் கழற்றி மாட்டப்பட்டதால் நிப் நேர்கோட்டில் இல்லை. சாக்கில் மை நிரம்பவில்லை."

நான்கே வரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு "பயன்படுத்தாத" என்ற சொல் அங்கே இருக்காது. பேச்சு எல்லாம் அந்தத் தளத்தின் செய்திப்பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும். போனில் அவர் ஒத்துக்கொண்டது கணக்கில் வராது.

"நீங்க மை போட்டுட்டீங்க, எடுக்க மாட்டோம்" என்பார்கள். மின்வணிகத்துக்கான 2020 நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, கால வரம்பு 2 ஆண்டு.

ஒரு ஓட்டையும் உண்டு. தன் சொந்தப் பேனாவை எப்போதாவது ஒன்று விற்கும் தனிநபருக்கு அந்த மின்வணிக விதிகள் பொருந்தாது. தொழிலாகச் செய்பவருக்குத்தான். சமூக ஊடகத்தில் "என் கலெக்‌ஷனில் இருந்து" என்று போடுபவரிடம் வாங்கும்போது இதை நினைவில் வைக்கவும்.

இடதுகை

இடையில் ஒரு சந்தேகம். ஒரு தளத்தில் 51 பார்த்தேன், மூடி திருகும் வகை, உள்ளே கன்வெர்ட்டர் (கழற்றி மாட்டும் மைக்குழாய்). இது எந்த வருஷம்?

பழையநிப்

2021-இல் பார்க்கர் திரும்ப வெளியிட்ட புது 51. கெட்ட பேனா இல்லை, ஆனால் பழம்பொருள் விலை கொடுக்காதீர்கள். 1941-இல் வந்த 51-இன் மூடி திருகாது, செருகி இழுப்பது. 1948 வரை பின்பக்கப் பொத்தானை அழுத்தி மை ஏற்றும் வாக்குமேட்டிக், அதன்பிறகு இந்த ஏரோமெட்ரிக்.

நிறத்திலும் ஏமாறலாம். பிளம் என்ற நிறம் ஏரோமெட்ரிக்கின் தொடக்கத்தில் கொஞ்ச காலம்தான் வந்தது, அதனால் விலை அதிகம். மஞ்சள் விளக்கில் படம் எடுத்தால் பர்கண்டியும் பிளம் மாதிரி விழும். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து எடுத்த படம் கேளுங்கள். தரத் தயங்கினால் அது பர்கண்டி.

மைத்துளி

புகார் போட்ட இரண்டு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. "பேனாவை வைத்துக்கொள்ளுங்கள், 2,500 ரூபாய் யுபிஐ-யில் அனுப்புகிறேன், புகாரை முதலில் மூடுங்கள்" என்கிறார். லாபமா?

வாங்குமுன் யோசி

மூடாதீர்கள். பல தளங்களில் மூடிய புகாரைத் திரும்பத் திறக்க முடியாது. பணம் திரும்புவதென்றால் தளத்தின் வழியாகவே பகுதித் தொகையாக வரட்டும், வந்த பிறகு புகார் தானே முடியும்.

ஹூட்டுக்காரன்

2,500-க்கு ஒத்துக்கொள்வதும் உசிதமில்லை. காற்றுக்குழாய் மாற்ற ஹூட்டை மறுபடி கழற்ற வேண்டும். ஹேர் டிரையர் போன்ற உலர் வெப்பத்தில், கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே, சிறிது சிறிதாக. அவசரப்பட்டால் அக்ரிலிக் உருக்குலையும். ஏற்கெனவே ஒருவர் அரைகுறையாகச் செய்த பேனா இது, உள்ளே நிப்பைச் சுற்றி இருக்கும் சீப்புப் பல் போன்ற பாகம் உடைந்திருக்கிறதா என்பது திறந்தால்தான் தெரியும். அதோடு பொருந்தாத மூடி. எழுத மட்டும் என்றால் சரி, சேகரிப்புக்கு இந்த ஜோடிக்கு மதிப்பு இல்லை. பாதி விலைக்கு மேல் திரும்பினால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் அனுப்பிவிடுங்கள்.

வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால் மட்டும்: போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். ஆர்.ஓ. தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, ஹூட் மூழ்க 24 மணி நேரம், நடுவில் இரண்டு தடவை தண்ணீர் மாற்றவும். வெந்நீர் கூடாது. சானிடைசர், ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கிட்டவே வரக்கூடாது, அக்ரிலிக்கில் நுண்விரிசல் விழும். பிறகும் மினுக்கு மை, பிக்மென்ட் மை போடாதீர்கள். க்விங்க், கேம்லின் போன்ற சாதாரண மை போதும்.

மைத்துளி

திருப்பி அனுப்புவதாகச் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள். நாளை மறுநாள் பிக்கப்.

பழையநிப்

நல்லது. மையை மட்டும் வெளியேற்றுங்கள், நிப்பை டிஷ்யூவில் ஊன்றி ஒரு இரவு வையுங்கள், அதற்கு மேல் கழுவ வேண்டாம். பேரல் பொறிப்பு, மூடியின் விளிம்பு இரண்டும் தெரியும்படி கடைசிப் படம் எடுத்துவிட்டுப் பேக் செய்வதை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். மூடியை மாட்டி, ஜிப் கவரில் போட்டு, பிவிசி குழாய்த் துண்டில் பஞ்சோடு செருகி இருபுறமும் டேப். ஹார்டுவேர் கடையில் கேட்டால் ஓர் அடி வெட்டித் தருவார்கள். கூரியர்காரர் எடை போட்ட ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள், "காலிப் பெட்டிதான் வந்தது" என்று சொன்னால் அது பேசும்.