கலைச்சொல் விவாதம்: ‘கோஸ்டல் ஸ்குவீஸ்’ - கரை நெருக்கமா, ஓதவெளி நெரிப்பா?

அனுப்புநர்: பட்டர்வொர்த் உறுப்பினர் (தொகுப்பு)

அனைவருக்கும் வணக்கம்.

பினாங்கில் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் சேற்றுக்கரையைப் பற்றித் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. மற்றச் சொற்களெல்லாம் ஒருவழியாக அமைந்துவிட்டன. ‘கோஸ்டல் ஸ்குவீஸ்’ (coastal squeeze) மட்டும் இடிக்கிறது. உயரும் கடலுக்கும் மனிதர் கட்டிய தடுப்புக்கும் நடுவில் கரையோர நிலம் குறுகிப்போவதைச் சொல்லும் சொல் அது. வரைவில் ‘கரை நெருக்கம்’ என்று இருக்கிறது. படித்துப் பார்த்தவர்கள், பள்ளி விடுமுறையில் கடற்கரையில் சேரும் கூட்டமா என்று கேட்கிறார்கள். வேறு சொல் சொல்லுங்கள்.

அனுப்புநர்: பாலிக் பூலாவ் உறுப்பினர்

ஐயா, ‘கரை நெருக்கம்’ வேண்டாம். ‘கடலரிப்பு’ என்று போடச் சொல்லி யாராவது எழுதுவார்கள், அதுவும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு.

கடல்மட்டம் உயரும்போது அலையாத்திக்காடு நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. கடல் பக்கத்து மரங்கள் மூழ்கிச் சாகும், நிலப்பக்கத்தில் புதுக் கன்றுகள் வேர்பிடிக்கும், காடு மெல்ல உள்ளே நகரும். ஐபிசிசியின் (காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. நிபுணர் குழு) ஆறாம் மதிப்பீட்டு அறிக்கைப்படி 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மி.மீ உயர்ந்தது. கேட்டால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். சேற்றின் சரிவு ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: நீர்க்கோடு ஆண்டுக்கு 3.7 மீட்டர் உள்ளே வரும், பத்து ஆண்டில் 37 மீட்டர். காட்டுக்குப் பின்னால் வயலைக் காக்கத் தடுப்புக்கரை போட்டிருந்தால் உள்பக்க எல்லை அசையாது. 60 மீட்டர் அகலக் காட்டில் மிஞ்சுவது 23 மீட்டர். (வண்டல் படிந்து சேறு உயர்வதை இதில் சேர்க்கவில்லை. வண்டல் தாராளமாக வரும் இடத்தில் காடு தாக்குப்பிடிக்கும். ஆனால் உயர்வு ஆண்டுக்கு 6.1 மி.மீட்டரைத் தாண்டினால் அலையாத்தி ஈடுகொடுப்பது மிகக் கடினம் என்று 2020-இல் வந்த ஆய்வு காட்டியது.)

அடுத்த கட்டம் இன்னும் மோசம். காடு மெலிந்ததும் அலை நேரே தடுப்புக்கரையில் மோதும். மோதித் திரும்பும் அலை அடிவாரச் சேற்றை வாரிக்கொண்டு போகும். கரை சரிகிறதே என்று பாறை கொட்டுவார்கள். பாறையில் அலை இன்னும் கடுமையாகத் திரும்பும், சேறு இன்னும் தாழும், கன்று ஊன்ற இடமிருக்காது. கடலரிப்பு இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. அது விளைவு. நாம் பெயர் தேடுவது அதற்கு முந்தியதற்கு.

‘கரை’ என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. நம் பேச்சில் கடற்கரையும் கரைதான், வயலோரத் தடுப்புக்கரையும் கரைதான். ‘கரை நெருக்கம்’ என்றால் எது எதை நெருக்குகிறது? உண்மையில் சுருங்குவது இரண்டு கரைக்கும் நடுவில், தண்ணீர் ஏறி வற்றும் நிலம். அதற்கு ‘ஓதவெளி’ என்று பெயர் வைக்கலாம். முழுச் சொல் ‘ஓதவெளி ஒடுக்கம்’.

அனுப்புநர்: பிரிக்பீல்ட்ஸ் உறுப்பினர்

> ஓதவெளி

அண்ணே, ஓதம் என்றால் இங்கே பாதிப் பேருக்குச் சுவரில் ஏறும் ஈரம்தான் நினைவுக்கு வரும். வைத்தியர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும், அதை எழுதவில்லை. இலங்கையில் ‘வற்றுப்பெருக்கு’ என்கிறார்கள். ‘வற்றுப்பெருக்கு வெளி’ என்று வைத்தால் என்ன?

‘ஒடுக்கம்’ பற்றியும் ஒன்று. ஒடுங்குதல் தானாகவும் நடக்கும். இயற்கையான செங்குத்துப் பாறை காட்டை மறித்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா?

அனுப்புநர்: பாலிக் பூலாவ் உறுப்பினர்

தம்பி, ‘வற்றுப்பெருக்கு வெளி’ பொருளில் சரி. வாக்கியத்துக்குள் போட்டால்தான் கனக்கிறது. ‘வற்றுப்பெருக்கு வெளி ஒடுக்கத்தால் பாதிக்கப்பட்ட பறவைகள்’ என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் புவியியல் பாடநூல்களில் ‘ஓதங்கள்’ புழங்குகிறது. முதல் இடத்தில் ‘கடல் ஏற்றவற்றம்’ என்று விளக்கிவிட்டால் சுவர் ஈரம் குறுக்கே வராது.

பாறைக் கேள்வி நல்ல கேள்வி. இத்துறையினர் இப்போது தரும் வரையறையில் மனிதர் கட்டியதோ செய்ததோ தடையாக இருக்க வேண்டும். இயற்கைப் பாறை சேராது. அப்படியென்றால் பிறவினைச் சொல்தான் வேண்டும். ‘நெரிப்பு’ பொருந்தும் என்று நினைக்கிறேன். இரு பக்க அழுத்தம் அதில் இருக்கிறது, செய்தவர் ஒருவர் உண்டு என்பதும் இருக்கிறது. ஓதவெளி நெரிப்பு.

அனுப்புநர்: செந்தூல் உறுப்பினர்

‘நெரிப்பு’ எனக்குச் சம்மதம். ஆனால் சொல்லை மாற்றிவிட்டு விளக்கத்தைத் தப்பாக விட்டால் பயனில்லை. வரைவின் கீழ்வரி இது:

> மரக்கன்றுகள் நட்டு இதைத் தடுக்கலாம்.

இதை எடுத்துவிடுங்கள். நெரிபடும் இடத்தில் கன்று நடுவது பெரும்பாலும் வீண்செலவு. கடல் மூழ்கடிக்கும் தடவையை வைத்துக் காட்டியலாளர் வாட்சன் 1928-இல் மலாயாவின் அலையாத்தி நிலத்தை ஐந்து வகையாகப் பிரித்தார். முதல் வகையில் மாதம் 56 முதல் 62 தடவை தண்ணீர் ஏறும், எல்லா ஏற்றமும் தொடும். மூன்றாம் வகையில் 20 முதல் 45. ஐந்தாம் வகையில் இரண்டுக்கும் குறைவு. சுரபுன்னை, அதாவது பாக்காவ், நடுவகைகளில் நன்றாக வளரும். நடுவதற்கு வசதியான கன்றும் அதுதான்: நீண்ட முளைக்காயைச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது. அதனால் காலியாகக் கிடக்கும் முதல் வகைச் சேற்றில் கொண்டுபோய்க் குத்துகிறார்கள். சில மாதத்தில் தண்டெல்லாம் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டிக்கொண்டு, பாரம் தாங்காமல் சாய்ந்து, அலையில் பிடுங்கிக்கொண்டு போகும். கடலோரத்தில் முதலில் முளைக்கும் அலையாத்தி மரங்களான வெண்கண்டலோ பெரெப்பாட்டோ தானாக முளைக்காத அளவுக்குச் சேறு தாழ்ந்துவிட்டால், வேறெந்த மரமும் அங்கே நிற்காது.

வாட்சன் தரும் உயர அளவுகளை அப்படியே பினாங்குக்குப் போடவும் கூடாது. அவை கிள்ளான் துறைமுகத்து அளவுகள், அங்கே ஏற்றவற்ற வீச்சு பினாங்கைவிட அதிகம். உயரத்தை விட்டுவிட்டுத் தடவையை எண்ணுங்கள். பக்கத்தில் நலமாக நிற்கும் அதே இன மரத்தின் அடிமட்டத்தையும் நடப்போகும் சேற்றின் மட்டத்தையும் ஒப்பிட்டாலே பாதி தெளிந்துவிடும். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய தெளிவுக் குழாய் போதும்.

பறவைகளையும் சேர்க்க வேண்டும். அந்தக் கரைக்கு நார்ட்மன் பச்சைக்காலி போன்ற அருகிவரும் வலசைப் பறவைகள் வருகின்றன. தண்ணீர் வற்றிய சில மணி நேரத்தில்தான் அவற்றுக்குத் தீனி. ஓதவெளி குறுகினால் பரப்பு குறைவதோடு, சேறு வெளியே தெரியும் நேரமும் குறையும். மெலிந்த பறவை வடக்கே திரும்பும் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்காமல் கிளம்ப வேண்டியதுதான்.

அனுப்புநர்: பட்டர்வொர்த் உறுப்பினர் (தொகுப்பு)

நன்றி. பதிவு இப்படிப் போகிறது:

*ஓதவெளி நெரிப்பு* - கடல்மட்டம் உயர்ந்து ஒரு பக்கம் அழுத்த, மனிதர் கட்டிய தடுப்பு மறு பக்கம் மறிக்க, கடல் ஏறி வற்றும் நிலமும் அதிலுள்ள உயிரினங்களும் குறுகிப்போதல். கடலரிப்பு இதன் விளைவாக வரலாம்.

நடவு வரி நீக்கப்பட்டது. அந்த இடத்தில், தடுப்புக்கரையை உள்ளே தள்ளிப் போடுவதும் மதகைத் திறந்து ஏற்றத்தை அளவாக உள்ளே விடுவதும் வரும். முதலாவதற்கு ‘கரை பின்னமைப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே அது பிடிக்கவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் வேறு சொல் அனுப்புங்கள்.