ரணிலா, சஜித்தா, அனுரவா: நாட்டை நடத்தத் தெரிந்தவர் யார்? (2024 செப்டம்பரில், தேர்தலுக்கு முன் நடந்த விவாதம்)

புறக்கோட்டையான்
2024 செப்டம்பர் 21ஆம் திகதி இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல். ஜனாதிபதி ரணில், எதிர்க்கட்சித் தலைவர் சஜித், ஜே.வி.பி. தலைவர் அனுர ஆகிய மூவரில் யார் நல்லவர் என்பதை அவரவர் வீட்டில் பேசிக்கொள்ளலாம். இங்கே திறமையை மட்டும் பேசுவோம். என் வாக்கு ரணிலுக்கு. 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த நாடு இது. அந்த செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. இந்த 2024 ஆகஸ்டில் ஒரு சதவீதம்கூட இல்லை. 360 ரூபாயைத் தாண்டிய டொலர் 300 அளவுக்கு இறங்கியிருக்கிறது. கடையில் சாமான் இருக்கிறது, வாசலில் வரிசை இல்லை. வேறென்ன சான்று வேண்டும்?

அவிசாவளை வாத்தியார்
வரிசை இல்லாதது ஏன் தெரியுமா? வாங்குகிறவனிடம் காசு இல்லை. வற் எனும் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். மின்கட்டணத்தை 2022 ஆகஸ்டில் 75 சதவீதம் ஏற்றினார்கள், அடுத்த பெப்ரவரியில் மறுபடியும் 66. உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளை விட்டுவிட்டு ஊழியர் சேமலாப நிதியில் கைவைத்தார்கள். சர்வதேச நாணய நிதியம் எழுதிக்கொடுத்ததை வாசிப்பதற்கு ஆறு தடவை பிரதமராக இருந்த அனுபவம் எதற்கு? அதே அனுபவசாலி பிரதமராக இருந்தபோதுதான் 2015இல் மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரம் வெடித்தது. 2019இல் தேவாலயங்களில் குண்டும் வெடித்தது. எரிவாயுவுக்கு நாள்கணக்கில் நின்ற மக்களிடம் சிலிண்டர் சின்னத்தில் வாக்குக் கேட்கிறாரே, அந்தத் துணிச்சலை மட்டும் மெச்சுகிறேன்.

புறக்கோட்டையான்
வாத்தியார் ஐயா, 2019இல் பாதுகாப்பு அமைச்சு அன்றைய ஜனாதிபதி சிறிசேனவின் கையில் இருந்தது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? எழுதிக்கொடுத்ததை வாசிப்பது அவ்வளவு சுலபம் என்றால் ரணிலுக்கு முன் ஜனாதிபதியாக இருந்த கோத்தாபய ஏன் வாசிக்கவில்லை? வற் வரியை 15இலிருந்து 8ஆகக் குறைத்துக் கைதட்டல் வாங்கினார். கஜானா காலியாகிக்கொண்டிருந்தபோதும் நிதியத்தின் வாசலை மிதிக்க மாதக்கணக்கில் மறுத்தார். வேண்டாத வரியைப் போட்டுவிட்டு அதற்கான வசவையும் வாங்கிக்கொள்வதுதான் ஆட்சித் திறமை. உங்கள் அனுர நிர்வகித்தது என்ன? 2004இல் விவசாய அமைச்சு, அதுவும் ஏறத்தாழ ஒரே வருடம்.

திருமலை நேசன்
இருவரும் சண்டை பிடிப்பதைப் பார்த்தால் வாக்குச்சீட்டில் இரண்டே பெயர்கள்தான் என்று தோன்றும். சஜித் 2019இல் 55 இலட்சம் வாக்குகள் வாங்கியவர். பொருளாதாரம் பேச ஹர்ஷ டி சில்வா, எரான் விக்ரமரத்ன, கபீர் ஹாசிம் என்று ஓர் அணியே அவருடன் நிற்கிறது. ரணிலிடம் இப்போது மிஞ்சியிருப்பது ராஜபக்சக்களின் மொட்டுக் கட்சியிலிருந்து கழன்று வந்தவர்கள். இன்னொன்று: காசில்லை என்று சொல்லி உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தேர்தலுக்குப் பயந்தவரைத் திறமைசாலி என்கிறீர்கள்.

புறக்கோட்டையான்
நேசன் தம்பி, 2022 மே மாதம் பிரதமர் பதவி உங்கள் தலைவரைத் தேடி வந்தது. அவர் நிபந்தனைகள் எழுதிக்கொண்டிருந்த வேளையில் இன்னொருவர் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டார். அணி இருந்தது, ஆள் வரவில்லை.

திருமலை நேசன்
கோத்தாபயவைக் காப்பாற்றப் போகாதது குற்றமா? நாடாளுமன்றத்தில் ரணிலை ஜனாதிபதி நாற்காலியில் ஏற்றிய 134 கைகள் யாருடையவை என்று எண்ணிப் பாருங்கள்.

கொட்டகலைப் பேரன்
மே தினத்தன்று எங்கள் ஊர் மேடையில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்றார் ஜனாதிபதி. கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. எங்கள் சம்பளச் சீட்டில் அந்தத் தொகை இன்னும் வரவில்லை. கடன் கொடுத்த நாடுகளோடெல்லாம் பேசி முடிப்பவரால் தோட்டக் கம்பனிகளோடு பேச முடியவில்லை.

கல்வியங்காட்டான்
ஜே.வி.பி.க்குத் திறமை இல்லை என்று யார் சொன்னது? சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கு நிவாரணத்துக்கென்று 2005இல் ஒரு பொதுக்கட்டமைப்பு வந்தது. அதற்காகவே அரசை விட்டு வெளியேறினார்கள், வழக்குப் போட்டு முடக்கினார்கள். அடுத்த வருடம் இன்னொரு வழக்கு. இணைந்திருந்த வடக்கும் கிழக்கும் பிரிந்தன. எடுத்த காரியத்தை முடிப்பவர்கள்தான். எந்தக் காரியம் என்பதுதான் எங்கள் கவலை. வாத்தியார் ஐயா ஒரு பக்கத்துக்கு எழுதினார், இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவிசாவளை வாத்தியார்
மறுக்கவில்லை. ஆனால் அன்றைய ஜே.வி.பி.யும் அனுர இன்று நிற்கும் தேசிய மக்கள் சக்திக் கூட்டணியும் ஒன்றல்ல. 2019இல் 3 சதவீதம் எடுத்தவரைப் பார்த்து இன்று இத்தனை பேர் பயப்படுவது ஏன்? இரண்டு குடும்பங்களும் அவற்றின் நண்பர்களும் மாறிமாறி ஆண்டு நாட்டை வங்குரோத்தாக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் சேராதிருந்ததே எனக்குப் போதுமான தகுதி.

கல்வியங்காட்டான்
சேராதிருந்ததா? 2005இல் மகிந்த ராஜபக்சவுக்கு மேடை ஏறியது யார், ஐயா? ரணில் அன்று தோற்றது இரண்டு இலட்சத்துக்கும் குறைவான வாக்குகளில். வடக்கில் புலிகள் எங்களை வாக்களிக்க விடவில்லை. தெற்கில் உங்கள் ஆட்கள் வீடுவீடாகப் போனார்கள்.

புறக்கோட்டையான்
அப்படியானால் இந்தத் தடவை ரணிலுக்கே போட்டுவிடுங்கள்.

கல்வியங்காட்டான்
பத்தொன்பது வருடம் பொறுத்துக் கேட்கிறீர்கள். முதல் வாக்கு சங்குச் சின்னத்துக்கு, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு. அவர் வெல்லமாட்டார் என்பது எனக்கும் தெரியும். இரண்டாவது விருப்பு வாக்கை யாருக்கு எழுதுவது என்று யோசிக்கிறேன்.

திருமலை நேசன்
தமிழரசுக் கட்சியே சஜித்தின் தொலைபேசிச் சின்னத்துக்கு என்று சொல்லிவிட்டதே, அண்ணா. மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் 13ஆம் திருத்தத்தை நடைமுறைப்படுத்துவேன் என்று கிளிநொச்சியில் நின்று சொன்னவர் சஜித்.

கல்வியங்காட்டான்
கிளிநொச்சியில் எல்லோரும் சொல்வார்கள். தெற்கே சிங்கள மாத்தறையில் சொன்னாரா?

கொட்டகலைப் பேரன்
இடையில் ஒரு சந்தேகம். இரண்டாவது வாக்கை எழுதினால் முதலாவது பழுதாகிவிடும் என்று எங்கள் தோட்டக் குடியிருப்பில், லயத்தில் ஒருவர் சொல்லித் திரிகிறார். உண்மையா?

அவிசாவளை வாத்தியார்
பொய். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் போட்ட சீட்டுகளில் அடுத்த விருப்பு யாருக்கு என்று பார்ப்பார்கள். 1982 தொடங்கி எட்டுத் தேர்தல்களில் ஒருமுறைகூட அதற்குத் தேவை வரவில்லை, இம்முறை வரலாம். 1, 2, 3 என்று இலக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் புள்ளடி (X) போதும். புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்க வேண்டாம்.

புறக்கோட்டையான்
இது ஒன்றில் ஐயா சொல்வது சரி. இரண்டாவதைச் சிலிண்டருக்கு எழுதச் சொல்லுங்கள்.