கொமடோரில் நசுங்குறம், என்சைனில் எதிர்ப்பே இல்லை: ஸ்டெல்லாரிஸில் கொம்பியூட்டர் எதிரியை எப்படிச் சரிப்படுத்துறது?

உப்புவெளியான்

வணக்கம். உவர்மலையில நாலு பேர் சேர்ந்து சனிக்கிழமைகளில லானில (கணினிகளை உள்ளுக்குள்ள இணைக்கிற வலை) ஸ்டெல்லாரிஸ் எண்ட விண்வெளிப் பேரரசுக் கேம் விளையாடுறம். 600 நட்சத்திரக் கலக்ஸி, 9 கொம்பியூட்டர் எம்பயர், மற்ற செட்டிங் எல்லாம் இருந்தபடியே. எதிரியின்ர லெவலை என்சைனில விட்டால் 2280க்குப் பிறகு (கேம் 2200இல தொடங்கும்) எங்களுக்கு முன்னால நிக்க ஆளில்லை. கொமடோருக்கு ஏத்தினால் 2240க்குள்ள பக்கத்து எம்பயர் ஒண்டு எங்களைவிட மூண்டு மடங்கு கப்பலோட வந்து ஒருத்தரை முடிச்சுப்போடுது. இடையில இருக்கிற கப்டனும் முதல் பாதி கஷ்டம், பிற்பாதி சுகம் எண்டுதான் போகுது. லெவலை ஏத்தினால் அது உண்மையாக் கூடுதலா யோசிக்குதா, இல்லாட்டிச் சும்மா வளத்தை அள்ளிக் குடுக்கிறாங்களா? கடைசி வரைக்கும் இழுபறியா இருக்க எந்தச் செட்டிங்கில கை வைக்கோணும்?

கன்னியா_07

தம்பி, லெவல் ஏறினால் எதிரிக்குப் புத்தி கூடாது, வருமானம்தான் கூடும். என்சைனில் யாருக்கும் மேலதிகம் இல்லை. கப்டனில் கொம்பியூட்டர் எம்பயரின் வேலைகளிலிருந்து வரும் வளம் 25 வீதம் கூட, கொமடோரில் 50, அட்மிரலில் 75, கிராண்ட் அட்மிரலில் 100. அதனால்தான் நீங்கள் சொல்லும் வளைவு வருகிறது. முதல் 40 வருடத்தில் உங்களிடமும் அதனிடமும் இரண்டு மூன்று கிரகம்தான். அந்த நேரத்தில் 50 வீதம் கூடக் கிடைத்தால் அது அப்படியே அலோய் (கப்பல் கட்டும் உலோகம்), அலோய் அப்படியே கப்பல். 2280 வரும்போது நீங்கள் ஒரு கிரகத்தை முழுக்க அலோய்க்கு, இன்னொன்றை முழுக்க ஆராய்ச்சிக்கு என்று ஒதுக்கியிருப்பீர்கள். அது எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் கலந்து கட்டியிருக்கும். நிலையான 50 வீதத்தால் அந்த இடைவெளியை அடைக்க முடியாது.

லெவலைக் குறை சொல்ல முதல் இன்னொன்றைப் பாருங்கோ. 2240இலேயே மூன்று மடங்கு கப்பலோடு வருகிற எம்பயர் அனேகமாக "அட்வான்ஸ்ட் ஸ்டார்ட்" பெற்ற ஒன்று. கேம் தொடங்கும் திரையில் அப்படி எத்தனை எம்பயர் என்று ஒரு எண் இருக்கும். அவை முதல் நாளிலேயே கூடுதல் கிரகம், கூடுதல் தொழில்நுட்பத்தோடு நிற்கும். அந்த எண்ணைப் பூச்சியமாக்குங்கோ. பூச்சியம் வேண்டாம் என்றால், அவற்றை உங்களுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்கும் "அட்வான்ஸ்ட் நெய்பர்ஸ்" என்பதையாவது அணைத்து வையுங்கோ. நாலு பேர் நாலு மூலையில் இருக்கும்போது யாராவது ஒருவருக்குப் பக்கத்தில் அது வந்து விழத்தான் செய்யும்.

அடுத்தது "ஸ்கேலிங்". இதைப் போட்டால் மேலதிக வளம் ஆரம்பத்தில் பூச்சியம். கேமின் கடைசிக் கட்டம் தொடங்கும் இறுதிக்கால ஆண்டு வரும்போதுதான் முழு அளவு. இருந்தபடி அந்த ஆண்டு 2400. ஏற்றம் சீராகப் போகிறதென்று வைத்துக் கணக்குப் பார்த்தால் அட்மிரலில் 2250இல் ஏறக்குறைய 19 வீதம், 2300இல் 37. இறுதிக்கால ஆண்டை 2350க்கு இறக்கினால் அதே அட்மிரல் 2250இல் 25, 2300இல் 50. அதாவது 2250 வரை கப்டனைவிட லேசு, 2300இல் கொமடோர், அதற்குப் பிறகு அதற்கும் மேலே. நீங்கள் கேட்கிற இழுபறிக்கு இதுதான் சரி.

ஒரு பக்க விளைவு உண்டு. இறுதிக்கால ஆண்டை முன்னுக்குக் கொண்டுவந்தால் பேரழிவும் (எல்லோரையும் அழிக்க வரும் பெரும் எதிரி) முன்னுக்கு வரும். அதன் பலத்தை 1இலிருந்து 0.5க்குக் குறைத்து விடுங்கோ. முதல் தடவை இதை மறந்தால் 2360இல் எல்லோருமாகச் சேர்ந்து அழிவீர்கள்.

கடைசியாக, கொம்பியூட்டர் போருக்கு வருவது உங்கள் கப்பற்படையின் ஒப்பீட்டுப் பலத்தைப் பார்த்துத்தான். பக்கத்து எம்பயரின் தொடர்புத் திரையில் அவர்களுக்கும் உங்களுக்கும் படை, தொழில்நுட்பம், பொருளாதாரம் என்று மூன்று ஒப்பீடு வரும். படை ஒப்பீடு உங்களுக்குத் தாழ்வாக விழுந்தால் உங்கள் மேல் கண் வைக்கும். நேவல் கப்பாசிட்டியை (வைத்திருக்கக்கூடிய படையின் அளவு) 2220க்குள் சிறிய கப்பலான கொர்வெட்டால் நிரப்புங்கோ: கொர்வெட் 1, டிஸ்ட்ரோயர் 2, குரூசர் 4, பட்டில்ஷிப் 8 என்று இடம் பிடிக்கும். அளவைத் தாண்டினால் பராமரிப்புச் செலவு ஏறும், தாண்ட வேண்டாம். படையை நிரப்பாமல் முழுக்க ஆராய்ச்சிக்குப் போகிறவர்தான் எப்போதும் முதலில் அடி வாங்குவார்.

கோட்டைவாசல்

கன்னியா சொன்ன கணக்கு சரி. ஆனால் வரைபடத்தைத் தொடாமல் வளத்தை மட்டும் மாத்தினால் பாதிதான் சரிவரும்.

கொம்பியூட்டர் படை மிக மோசமாக விளையாடுற இடம் ஒடுக்கமான வழி. ஹைப்பர்லேன் (நட்சத்திரங்களை இணைக்கிற பாதை) குறைவாக இருக்கிற வரைபடத்தில உங்கட எல்லைக்கு வர ஒரே வழி, ஒற்றைப் பாலத்தால ஊருக்குள்ள போறமாதிரி. அந்த நட்சத்திரச் சிஸ்டத்தில ஒரு ஸ்டார்பேஸ் (விண்வெளித் தளம்), துப்பாக்கி மொடியூல், சுற்றி டிஃபென்ஸ் பிளட்போர்ம், பின்னால திருத்தும் தளம். எதிரி வந்து முட்டும், பாதிக் கப்பலோட பின்வாங்கும், திருத்தி முடிக்கும், திரும்ப அதே வழியால வரும். அடுத்த தடவை கொஞ்சம் சிறிய படையாகவே வரும். 75 வீத மேலதிக வளமும் அந்த ஒரு வாசலில கரைஞ்சு போகும்.

எங்கட திருகோணமலைத் துறைமுகத்தையே எடுங்க. உள்துறைமுக வாயைக் காக்க ஒஸ்ரன்பேர்க் கோட்டை நிக்குது. 1782இல ஜனவரியில ஆங்கிலேயரும் ஓகஸ்டில பிரெஞ்சுக்காரரும் ஒரே வருசத்துக்குள்ள திருகோணமலையைப் பிடிச்சது படையைக் கரையிறக்கித் தரைவழியா வந்துதான். மனுச எதிரி சுத்துவழி தேடுவான். கொம்பியூட்டர் வாயில வந்துதான் முட்டும்.

அதனால வாசல்களைக் கூட்டுங்க. ஹைப்பர்லேன் அடர்த்தியை 1இலிருந்து 1.5க்கு ஏத்துங்க. கலக்ஸி வடிவத்தில சுருள் கை வேண்டாம், நீள்வட்டம் எடுங்க. எல்லை நாலு பக்கமும் திறந்திருக்கும். ஒரு சதம் வளம் கூட்டாமலே அதே எதிரி ஒரு லெவல் கூடின மாதிரி அடிக்கும், ஏனெண்டால் நீங்க படையைப் பிரிச்சு வைக்கவேண்டி வரும்.

600 நட்சத்திரத்துக்கும் 9 எதிரிக்கும் பதிலா 400 நட்சத்திரமும் 6 எதிரியும் போதும். குடியேறக்கூடிய கிரகத்தை 0.5 ஆக்குங்க. கேமை இழுத்துப் பிடிக்கிறது சனத்தொகைக் கணக்குத்தான். 8 ஜீபி லப்டொப் ஒண்டு கூட்டத்தில இருந்தால் அந்த ஒண்டின்ர வேகத்துக்குத்தான் நாலு பேரும் ஓடவேணும்.

பைதன் படகு

"உண்மையாகவே கூடுதலாக யோசிக்கிறதா" என்ற கேள்விக்கு வேறு கேம்களையும் சேர்த்துப் பதில் சொல்லலாம். இது நியாயமான கேள்வி. தயாரிப்பவர்கள் இதைத் திரையிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்டார்கிராஃப்ட் 2 அதைச் செய்கிறது. அங்கே எலீட் வரை எதிரி உங்களைப் போலவே விளையாடும். அதற்கு மேல் உள்ள மூன்றின் பெயரே சீட்டர்: ஒன்றுக்கு முழு வரைபடமும் தெரியும், அடுத்ததற்கு வளமும் கூட, கடைசியான இன்சேன் எல்லாவற்றிலும் மேலே. விளையாடுபவருக்குத் தான் எதோடு மோதுகிறோம் என்பது தெரியும்.

ஃப்ரீஓரியனின் வழி வேறு. அது இலவசம், மூலக்கோட் திறந்தது. எதிரிக்கு வளம் அள்ளிக் கொடுப்பதில்லை. பிகினர், டேர்ட்டில் தொடங்கி மேனியாக்கல் வரை போகும் ஆக்கிரமிப்பு அளவுதான் லெவல். கீழ் அளவுகளில் எதிரியின் கையைக் கட்டி வைத்திருக்கிறார்கள்: குடியேற்றம் குறைவு, படையெடுப்புத் தயக்கம். மேனியாக்கலில் கட்டு அவிழ்கிறது.

ஒவ்வொரு எதிரியும் தனித்தனி புரோகிராமாக, உங்களைப் போலவே சேர்வரோடு இணைந்து ஓடும். எனவே தன் உளவுக் கருவிக்குத் தெரியாததை அதனால் பார்க்க முடியாது. விலை: 6 எதிரி என்றால் 6 தனிப் புரோகிராம், அத்தனையும் ஹோஸ்ட் (கேமை நடத்தும்) கணினியின் மெமரியில். கூடிய ரேம் உள்ளவரே ஹோஸ்ட் ஆக வேண்டும்.

திருத்திப் பார்க்க ஆசை இருந்தால் கேம் ஃபோல்டருக்குள் டிஃபோல்ட், அதற்குள் பைதன், அதற்குள் ஏஐ. எந்த ஆக்கிரமிப்பு அளவுக்கு என்ன அனுமதி என்பது அங்கே கரக்டர் ஃபோல்டரில் இருக்கிறது. கை வைக்க முதல் ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுங்கள். பைதனில் வரித் தொடக்க இடைவெளி ஒன்று பிசகினாலே அந்தக் கோப்பு ஓடாது. எதிரி தன் முறை வரும்போதெல்லாம் எதுவும் செய்யாமல் முடித்துவிட்டு நிற்கும். எதிரி திடீரென்று ஊமையானால் முதலில் அதன் லொக் கோப்பைத் (நடந்ததைப் பதியும் கோப்பு) திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள்.

மூதூர்க்கரை

ஒரு விசயம் விட்டுப்போச்சு: குணம். 1993 மாஸ்டர் ஒஃப் ஓரியனிலேயே ஒவ்வொரு தலைவருக்கும் குணம் ஒன்று, நோக்கம் ஒன்று. ஒரே லெவலில் பசிஃபிஸ்ட் (சமாதான விரும்பி) பக்கத்தில் இருந்தால் ஒரு கேம், எரட்டிக் (எப்போது மாறுவார் என்று தெரியாதவர்) பக்கத்தில் இருந்தால் முற்றாக வேறு கேம். ஸ்டெல்லாரிஸிலும் அப்படித்தான். மற்ற இனங்களை அழிக்க நினைக்கும் ஃபனற்றிக் பியூரிஃபையர் பேச்சுக்கே வராது. கூட்டணி விரும்பும் ஃபெடரேஷன் பில்டரோடு 2230க்குள் உடன்பாடு செய்யலாம். எல்லாம் இருந்தபடி விட்டால் யார் பக்கத்தில் வருவார் என்பது சீட்டுக் குலுக்கல். நாலு பேருக்கும் நியாயமாக இருக்க, ஆறு எம்பயரை நீங்களே உருவாக்கி, கட்டாயம் தோன்றவேண்டும் என்று குறித்து வையுங்கோ. அதில் போர்வெறி பிடித்தது இரண்டு போதும். ஆக்கிரமிப்பு செட்டிங்கை நோர்மலிலேயே விடுங்கோ. ஹையில் போட்டால் அவை தங்களுக்குள் அடிபட்டே களைத்துப் போகும்.

உப்புவெளியான்

மிக்க நன்றி. ரெண்டு சந்தேகம். புது செட்டிங் வேலை செய்யுதா எண்டு ஆறு மணித்தியாலம் விளையாடாமல் பார்க்க வழி இருக்கா? மற்றது, கரண்ட் போய் ஒருத்தர் விழுந்தால் அவற்ற எம்பயரைக் கொம்பியூட்டர் எடுக்குது. திரும்பி வந்தால் எல்லாம் குழம்பிக் கிடக்குது.

கன்னியா_07

சோதனைக்கு: தனியாள் கேம், அயன்மன் (கொன்சோலைத் தடுக்கும் செட்டிங்) அணைத்து, அதே செட்டிங். தொடங்கியதும் சேவ் பண்ணுங்கோ. எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் கீயை அழுத்தினால் கட்டளை அடிக்கும் கொன்சோல் வரும். ஆங்கில எழுத்தில் ஒப்சேர்வ் என்று அடித்தால் உங்கள் எம்பயரையும் கொம்பியூட்டரே ஓட்டும். உச்ச வேகத்தில் 2250 வரை விட்டு நிறுத்துங்கோ. டிபக்டூல்டிப் என்று அடித்துவிட்டு ஒரு எம்பயரின் மேல் மவுஸை வைத்தால் அதன் எண் தெரியும். பிளே என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணைக் கொடுத்தால் அதன் வளங்களைக் காட்டும் மேல்பட்டை உங்களுக்கு வரும். மாத அலோய் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கோ. ஆறு எம்பயருக்கும் எடுத்து, உங்கள் வழமையான 2250 சேவில் உள்ள அலோயோடு ஒப்பிடுங்கோ. அவற்றில் இரண்டாவது உங்களுக்குக் கிட்டவும் முதலாவது உங்களைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடவும் இருந்தால் செட்டிங் பொருந்துது. முதலாவது இரண்டு மடங்கென்றால் இறுதிக்கால ஆண்டை 25 வருடம் பின்னுக்குத் தள்ளுங்கோ.

கரண்டுக்கு: ஒருவர் விழுந்த உடனே ஹோஸ்ட் பௌஸ் போடவேணும், ஒரு மாதம்கூட ஓடவிடக்கூடாது. திரும்ப ஓடும் கேமிலேயே சேரலாம். ஐந்து நிமிடத்துக்குள் வரமாட்டார் என்றால் ஹோஸ்ட் அந்த இடத்திலேயே சேவ் பண்ணி மூடட்டும். கொஞ்சமாவது ஓடிவிட்டால், வந்தவர் பார்க்கவேண்டிய வரிசை: கட்டும் வரிசை, கொள்கைகள், சந்தையில் மாதாந்தக் கொள்வனவு, கடைசியாகக் கப்பல் எங்கே நிற்குது. ஹோஸ்டின் ரூட்டருக்கும் சுவிச்சுக்கும் ஒரு சிறு யூபிஎஸ் (பற்றரிக் காப்பு) போட்டால் லப்டொப்காரர் விழவே மாட்டார், பற்றரி ஓடும்வரை லான் நிக்கும்.