தீர்ப்பில் குடி என்ற வார்த்தையே இல்லை

குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனால் மகளை இழந்த ஒரு அண்ணன் அந்த வழக்கைப் பற்றி எழுதியதை நேற்று வாசித்ததிலிருந்து மனசே சரியில்லை. எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

2016 ஐப்பசி. ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊரிலிருந்து சித்தப்பா விடியுமுன்னே டிவிஎஸ் எக்ஸெல்லில் கத்தரிக்காய் மூட்டையோடு பாவூர்சத்திரம் சந்தைக்குக் கிளம்பினார். எதிரே வந்த கார் ரோட்டின் இந்தப் பக்கம் ஏறி வந்து அடித்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ரோடெல்லாம் கத்தரிக்காய். காரை ஓட்டியவன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான், கிட்டே நிற்க முடியாத பிராந்தி வாடை. ஊரே பார்த்தது.

ஆனால் அவனிடம் ரத்தம் எடுத்தது மத்தியானத்துக்கு மேலே. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் குடித்து ஓட்டிய குற்றம், நேரம் போகப் போக அந்த அளவு இறங்கிவிடும் என்பதெல்லாம் பிணவறை வாசலில் நின்ற எங்களுக்கு எப்படித் தெரியும்? எஃப்ஐஆரில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று எழுதி 304ஏ, அதாவது அஜாக்கிரதையால் சாவை உண்டாக்கிய குற்றம் என்ற பிரிவைப் போட்டார்கள். ஜாமீனில் விடக்கூடிய பிரிவு. அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போய்விட்டான், சித்தப்பா உடம்பு மறுநாள்தான் வந்தது.

ஆறு வருடம் வாய்தா. கடைசியில் ஒரு வருடம் ஜெயில், பத்தாயிரம் அபராதம், அதையும் அப்பீலுக்காக அன்றைக்கே நிறுத்தி வைத்து அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டுக்கு எதிர்க் கடையில் அவன் டீ குடித்துக்கொண்டு நின்றதைச் சித்தி பார்த்தாள். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து தீர்ப்பு நகலை என்னிடம் நீட்டி, "ஏய்யா, அவன் குடிச்சிருந்தாம்னு இதுல எங்க எழுதியிருக்கு, காட்டு" என்றாள். பக்கம் பக்கமாகத் தேடினேன். ஒரு இடத்திலும் இல்லை.

என் கோபம் அந்த 'அஜாக்கிரதை' என்ற சொல்மேல்தான். அடுப்பில் பால் பொங்குவதுதான் அஜாக்கிரதை. பாட்டிலைத் திறந்தவனும் அவன்தான், சாவியைத் திருகியவனும் அவன்தான், இரண்டும் தெரிந்தே செய்தது. 2006ல் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கிய 7 பேரைக் குடித்துவிட்டுக் கார் ஏற்றிக் கொன்றவனுக்குக் கீழ்க் கோர்ட் கொடுத்தது வெறும் 6 மாதம். உயர் நீதிமன்றம் அதை 304 இரண்டாம் பகுதிக்கு, அதாவது சாவு வரலாம் என்று தெரிந்தே செய்த குற்றத்துக்கு மாற்றி 3 வருடம் ஆக்க, 2012ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தப் பிரிவில் 10 வருடம் வரை கொடுக்க முடிந்தது, 304ஏ என்றால் 2 வருடத்துக்கு மேல் கிடையாது என்றிருந்தது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் அந்த 2 வருடம் 5 ஆகியிருக்கிறது. சரி, ஆனால் ரத்தம் நேரத்துக்கு எடுக்காவிட்டால் அங்கேயும் 'அஜாக்கிரதை' என்றுதானே எழுதுவார்கள்?

இப்படி ஒரு நிலைமை உங்களுக்கு வந்தால், அழுகையோடு அழுகையாக வீட்டில் ஒரு ஆளை ஸ்டேஷனுக்கு அனுப்பி, ஓட்டியவனுக்கு உடனே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கொடுத்த நேரத்தைக் குறித்து ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதை அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை.