நிமோனியாவில் காய்ச்சலைக் குறைக்கலாமா, விட்டுவிட வேண்டுமா?

தறிக்காரன், பல்லடம்:
அப்பாவுக்கு நிமோனியாங்க. கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். 102 தாண்டினால் பாராசிட்டமால் கொடுக்கிறார்கள். ஆத்தாவோ, "சூட்டுலதான் கிருமி சாகும், மாத்திரையைப் போட்டு அமுக்காதீங்க" என்று கட்டிலுக்கே கம்பளியோடு வந்துவிட்டது. சூடு ஏறினால் வெள்ளையணுக்கள் வேகமாக வேலை செய்யும் என்று நானும் படித்திருக்கிறேன். யார் சொல்வதைக் கேட்பது?

காங்கேயத்தான்:
ஆத்தா சொல்வதில் விஷயம் இருக்குங்க. 1975-ல் அமெரிக்காவில் க்ளூகர் என்பவர் பாலைவன ஓணான்களுக்குக் கிருமி ஊசி போட்டு, வேறு வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார். 40, 42 டிகிரி செல்சியஸில் இருந்தவைதான் அதிகம் பிழைத்தன.

பெருந்துறை நர்ஸக்கா:
ஓணான் கதை சரிதான். ஆனால் அந்த ஓணானுக்கு நுரையீரலிலா நோய்? அங்கேதான் வில்லங்கம்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் எலிகளைச் சூடான அறையில் வைத்துக் காய்ச்சல் அளவுக்கு உடம்புச் சூட்டை ஏற்றினார்கள். க்ளெப்சியெல்லா கிருமி வயிற்றுக்குள் போன எலிகள் சூட்டில் நன்றாகவே பிழைத்தன. அதே கிருமி நுரையீரலுக்குப் போனபோது கிருமி வெகுவாகக் குறைந்தது, ஆனால் எலிகள் கூடுதலாகச் செத்தன. சூடு ஏறினால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களைக் கூப்பிடும் சமிக்ஞைகள் கூடுகின்றன, அவை நுரையீரலில் வந்து குவிகின்றன. பாம்படிக்க வந்த கூட்டம் சோளக்காட்டையே மிதித்துவிட்டுப் போகிற கதைதான். ரத்தக்குழாய்ச் சுவர் தளர்ந்து, காற்றறைகளுக்குள் நீர் கசிகிறது. அப்புறம் ஆக்சிஜன் எப்படி ரத்தத்தில் சேரும்?

இன்னொன்று, ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜன் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். ஏற்கெனவே திணறுகிறவருக்கு அது பெரிய சுமை. வார்டில் பார்த்திருக்கிறேன், காய்ச்சல் ஏறும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே இழுக்கும்.

அதற்காக மாத்திரையைப் பெரிதாக நம்பவும் வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐ.சி.யூ.க்களில் 700 நோயாளிகளிடம் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். பாராசிட்டமால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உயிரிழப்பில் பெரிய வித்தியாசமில்லை. காப்பாற்றப் போவது ஆன்டிபயாடிக்கும் ஆக்சிஜனும்தான். மாத்திரை மூச்சின் பாரத்தைக் கொஞ்சம் இறக்கும், அவ்வளவே.

தறிக்காரன், பல்லடம்:
அப்போ கம்பளியை என்னங்கக்கா பண்றது? ஆத்தா விடமாட்டேங்குது.

பெருந்துறை நர்ஸக்கா:
குளிர் நடுக்கம் எடுக்கிறவரைக்கும் போர்த்தலாம் தம்பி, நடுங்குவதற்கும் ஆக்சிஜன் செலவாகும். நடுக்கம் நின்றதும் எடுத்துவிடுங்கள். ஆத்தாவுக்கு வேறு வேலை கொடுங்கள்: பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரம் பார்த்து ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணட்டும். 30-ஐத் தொட்டால், தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் சரி, உடனே டூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.