ஆறு போன பிறகும் நின்ற எல்லைக்கோடு

ஒரு 1:50,000 நிலவரைபடத்தை வாரக்கணக்கில் பார்த்தும் அந்தப் புள்ளிக்கோட்டை நான் கவனிக்கவே இல்லை. ஆற்றைக் காட்டும் நீலக் கோட்டின் பின்னாலேயே என் கண் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் புள்ளிக்கோடு இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள எல்லை. ஆற்றின் நடுவிலேயே வந்தது, ஓரிடத்தில் வயலுக்குள் இறங்கிப் பெரிய அரைவட்டம் அடித்து, தாளில் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, அதாவது தரையில் ஒரு கிலோமீட்டர் தள்ளி, மறுபடி ஆற்றோடு சேர்ந்தது. சமவெளி வயலில் எல்லையை அப்படி வளைத்துப் போட யாருக்கு என்ன தேவை? எல்லை வகுத்த காலத்தில் ஆறே அங்கேதான் ஓடியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

அதே பகுதியின் பழைய தாளைத் தேடி எடுத்தேன். அரைவட்டம் முழுக்க நீலம். அதன் முனையில் படகுத்துறைக் குறி. புதிய தாளில் அதே இடத்தில் பிறை வடிவில் ஒரு குளம், துறையை நோக்கி வந்து சட்டென்று முடிந்துபோகும் ஒரு வண்டிப்பாதை.

வளைவின் வெளிக்கரையை ஆறு அரிக்கும், உள்கரையில் மணலைப் போடும். வளைவின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள நிலக் கழுத்து மெலிந்துகொண்டே வந்து, ஒரு வெள்ளத்தில் ஆறு குறுக்கே உடைத்துக்கொண்டு நேராகப் போய்விடும். மிஞ்சும் பிறைக் குளம்தான் பாடத்தில் படித்த குருட்டு ஆறு. எல்லை மட்டும் பழைய தடத்திலேயே நின்றுவிடும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைநகரான கஸ்கஸ்கியா இப்படித்தான் ஆனது. 1881 வெள்ளத்தில், மாநில எல்லையாக ஓடிய மிசிசிப்பி தடம் மாறியதால், ஊர் இன்று ஆற்றின் மேற்குப் பக்கம் இருக்கிறது. ஆனாலும் இல்லினாய்க்கே சொந்தம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு தாள்களை ஒப்பிடும்போது ஆற்றை வைத்துப் பொருத்தாதீர்கள், நகர்ந்ததே அதுதான். பழைய வழிபாட்டிடம், சாலைச் சந்திப்பு போன்றவற்றை வைத்துப் பொருத்துங்கள். அப்புறம், இந்த அளவையில் அரை மில்லிமீட்டர் கோடே தரையில் 25 மீட்டர். அதைவிடச் சின்ன நகர்வைப் பற்றித் தாளை வைத்து எதுவும் சொல்லாமல் இருப்பதே நேர்மை. சமவெளியில் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக வரையும் சம உயரக் கோடுகளும் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) பழைய கரை மேட்டைக் காட்டாது.

அதனால் நேரில் போனேன். வண்டிப்பாதை முடிந்த இடத்தில் நிலம் லேசாகச் சரிந்து, மழைநீர் நின்ற நீளமான தாழ்வாக இருந்தது. உழுதுகொண்டிருந்த பெரியவரிடம் தாளை விரித்துக் காட்டினேன். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து என் கையில் வைத்தார். சுற்றிலும் களிமண், அது மட்டும் ஆற்று மணல்.