அஞ்செட்டி, தளி பக்கம் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வேன் கொண்டுபோகலாமா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஹொரமாவு கார்த்தி
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல ஒரு ஐடி கம்பெனில இருக்கேன், எங்க சிஎஸ்ஆர் (கம்பெனி காசுல சமூக சேவை பண்ற) கமிட்டில என்னையும் கோர்த்து விட்டுட்டாங்க. இந்த வருஷம் ஹெல்த் சம்பந்தமா ஏதாவது பண்ணணும்னு பேச்சு வந்தப்ப கிருஷ்ணகிரி மாவட்டத்துல தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி பக்கம் மார்பகப் புற்றுநோய் ஸ்க்ரீனிங் பண்ணலாம்னு நான்தான் வாயைக் கொடுத்தேன். எங்க அபார்ட்மென்ட்ல ஹவுஸ்கீப்பிங் பண்ற அக்காங்க நெறைய பேரு அந்தப் பக்கம்தான், அதுல ஒருத்தரோட நாத்தனாருக்கு மார்ல கட்டி இருந்து, யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்து, புண்ணா உடைஞ்ச பிறகுதான் வீட்டுக்கே தெரிஞ்சிருக்கு. எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி ஓசூர் போனா அந்தப் பக்கம்தான், இங்க தெருவுக்குத் தெரு ஸ்கேன் சென்டர், அங்க ஒண்ணும் இல்ல.

இப்ப மேட்டர் என்னன்னா வேன் + மேமோகிராம் மெஷின் கொட்டேஷன் கோடியைத் தாண்டுது. இன்னொரு பார்ட்டி வந்து உடம்புச் சூட்டைப் படம் பிடிக்கிற தெர்மல் கேமரா இருக்கு, கதிர்வீச்சு இல்ல, தொடவே வேணாம், சீப்பா முடிச்சிடலாம்னு சொல்றாங்க. மேனேஜ்மென்ட்டுக்கு அக்டோபர்ல, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாசத்துல, பிங்க் கலர் வேன் முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுக்கணும், அவ்வளவுதான் அவங்க டென்ஷன். எனக்கு என்ன டவுட்னா ஊர்ல பொம்பளைங்க வேனுக்குள்ள ஏறுவாங்களா, ஏறி ஏதாவது தெரிஞ்சா அப்புறம் என்ன பண்றது. இதுல வேலை செஞ்சவங்க யாராவது இருந்தா கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

எக்ஸ்ரே மீனா
நான் மேமோகிராம் எடுக்கிற டெக்னீஷியன், வேன்லயும் வேலை பார்த்திருக்கேன். கார்த்தி, மெஷின் வாங்கிறதுக்கு முன்னாடி பேப்பர் வேலை எவ்வளவு இருக்குன்னு பாருங்க. மேமோகிராம் எக்ஸ்ரே கருவிதான், அதனால அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட இ-லோரா போர்ட்டல்ல பதிவு பண்ணி லைசென்ஸ் வாங்கணும். அதோட அல்ட்ராசவுண்டும் வச்சிக்கலாம்னு யாராவது ஆசை காட்டினா உஷாரா இருங்க, கருவோட பாலினம் பார்க்கிறதைத் தடுக்கிற சட்டம் அதுக்குள்ள வந்துடும், வண்டில ஸ்கேன் மெஷின் வச்சிக்கிட்டு ஊர் ஊரா சுத்த சும்மா விடமாட்டாங்க. மத்த மருத்துவ சேவைகளும் சேர்ந்து கொடுக்கிற நடமாடும் யூனிட்டா இருந்தாதான் அனுமதி, அதுவும் முறையா பதிவு பண்ணணும். மார்பக ஸ்கேன்தானே பார்க்கிறோம்னு சொன்னாலும் கேட்க மாட்டாங்க.

இப்ப படத்துக்கு வருவோம். ஒரு ஆளுக்கு நாலு படம், ஒவ்வொரு பக்கமும் மேல இருந்து ஒண்ணு சாய்வா ஒண்ணு. சில செகண்ட் அழுத்திப் பிடிப்போம், வலிக்கும்தான், பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்கன்னா அடுத்த ஊர்ல ஒரு ஆளும் வராது. பவுடர் போட்டுட்டு வந்தா படத்துல சுண்ணாம்புப் புள்ளி மாதிரி காட்டும், கேன்சரோன்னு குழப்பும், கேம்ப்னு சொன்னாலே நம்ம ஊர் பொம்பளைங்க பளிச்சுனு பவுடர் பூசிட்டுதான் வருவாங்க 😄 அதை முன்னாடியே சொல்லி வைங்க. மாதவிடாய் முடிஞ்ச வாரமா இருந்தா வலி கம்மி.

பெரிய சிக்கல் வயசு. முப்பது, முப்பத்தஞ்சு வயசுல மார்பகத் திசு அடர்த்தியா இருக்கும், படமே வெள்ளையா தெரியும், கட்டியும் வெள்ளைதான், எங்க போய்த் தேடுறது. நம்ம நாட்டுல மேலைநாடுகளை விட சின்ன வயசுலயே வருது, அதனால மேமோகிராம் வேன் மட்டும் விட்டா யாருக்கு வேணுமோ அவங்களுக்கே சரியா உதவாது. அப்புறம் ரிப்போர்ட்ல பைராட்ஸ்னு ஒரு நம்பர் போடுவாங்க. 0 வந்தா கேன்சர் இல்லன்னு அர்த்தம் கிடையாது, இன்னும் படம் எடுக்கணும், ஸ்கேன் பண்ணணும்னு அர்த்தம். 4, 5 வந்தா பயாப்ஸி, அதாவது ஊசியால சின்னத் துணுக்கு எடுத்துப் பார்க்கிறது. அந்த 0 வந்தவங்களை மறுபடி யார் கூப்பிடுறது? வேன் அதுக்குள்ள கர்நாடகா பார்டர் தாண்டிப் போயிருக்கும்.

தெர்மல் கேமராவை மேமோகிராமுக்குப் பதிலா வைக்கக்கூடாதுன்னு அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ திரும்பத் திரும்ப எச்சரிச்சிருக்கு. என் கருத்துல அதை நம்பி ஒரு பொம்பளைகிட்ட "உனக்கு ஒண்ணும் இல்லம்மா"ன்னு சொல்லி அனுப்ப முடியாது.

அல்சூர் ரவி
அரசாங்கம்தான் பண்ணுதே பாஸ், நீங்க எதுக்கு தனியா? 30 வயசுக்கு மேல எல்லாருக்கும் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூணும் பார்க்கணும்னு 2016லயே மத்திய அரசு வழிகாட்டி போட்டாச்சு. தமிழ்நாட்டுல வீட்டுக்கே வந்து பார்க்கிற மக்களைத் தேடி மருத்துவம் (எம்டிஎம்) திட்டம் வேற, அதையே கிருஷ்ணகிரி மாவட்டத்துல சாமனப்பள்ளியில வச்சுதான் 2021 ஆகஸ்ட்ல தொடங்குனாங்க.

கலா சிஸ்டர்
ரவி சார், பேப்பர்ல இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா 2019-21 தேசிய குடும்பநல சர்வேல 30லேருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல வாழ்நாள்ல ஒருதடவையாவது மார்பகப் பரிசோதனை செஞ்சவங்க இந்தியா முழுக்க 0.9 சதவீதம்தான். தமிழ்நாடு கொஞ்சம் தேவலை, 5.6. அதாவது நூத்துல தொண்ணூத்தி நாலு பேரை யாரும் தொட்டே பார்க்கல.

நான் அந்தப் பக்கம் பிஹெச்சில (ஆரம்ப சுகாதார நிலையம்) பிபி, சுகர், கேன்சர் மாதிரி தொற்றா நோய் பார்க்கிற என்சிடி நர்ஸா இருந்துட்டு இப்ப பெங்களூர்ல பிரைவேட்ல இருக்கேன். கார்த்தி தம்பி, நான் சொல்றது உங்க மேனேஜ்மென்ட்டுக்குப் பிடிக்காது, வேனை விட்டுடுங்க. மும்பைல டாடா மெமோரியல் ஒன்றரை லட்சம் பெண்களை வச்சு 1998ல ஒரு பெரிய ஆய்வு ஆரம்பிச்சாங்க, பாதிப் பேருக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை கையால தொட்டுப் பார்க்கிற பரிசோதனை. பார்த்தது டாக்டர் கூட இல்ல, பயிற்சி கொடுத்த பெண் சுகாதாரப் பணியாளர்கள். 2021ல முடிவு வந்துச்சு, கட்டியை முன்னாடி கட்டத்துலயே பிடிச்சிருக்காங்க, 50 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சிருக்கு. 50க்குக் கீழ சாவு குறையல, அதையும் சேர்த்துச் சொல்லணும், மறைக்கக்கூடாது. ஆனா மெஷின், ஜெனரேட்டர், ஏசி, லைசென்ஸ் ஒண்ணும் இல்லாம ரெண்டு கையால இவ்வளவு நடந்திருக்கு. முதல்ல கை, கையில தட்டுப்பட்டவங்களுக்கு மேமோகிராம், ஸ்கேன். அதை ஓசூர்லயோ கிருஷ்ணகிரிலயோ இருக்கிற ஒரு சென்டரோட பேசி வச்சிட்டா போதும்.

அப்புறம் ஊர் நடைமுறை. காலைல பத்து மணிக்கு கேம்ப் வச்சா ஈ ஓட்டுவீங்க. ரோஜாத் தோட்டத்துக்கும் காய்கறி பறிக்கவும் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவாங்க, மதியம் ரெண்டு மணிக்கு மேலதான் வீட்டுல இருப்பாங்க. நூறு நாள் வேலை நடக்கிற இடம், மகளிர் குழு கூட்டம் நடக்கிற நாள், இது ரெண்டும் நல்லா வேலை செய்யும். பேனர்ல கேன்சர்னு கொட்டை எழுத்துல போட்டீங்கன்னா "எனக்கு கேன்சரா இருக்கும்னு ஊரே பேசும்"னு ஒருத்தியும் வரமாட்டா. பிபி, சுகர், ரத்தம் பார்க்கிறோம், கூடவே இதையும் பார்க்கிறோம்னு கூப்பிடுங்க. உள்ள பார்க்கிறவங்க கண்டிப்பா பெண்ணா இருக்கணும், டிரைவர்கூட ஜன்னல் பக்கம் நிக்கக்கூடாது. தளி பக்கம் வீட்டுல கன்னடமும் தெலுங்கும்தான் பேசுவாங்க, மலை மேல போனா இன்னும் வேற. தமிழ்ல மட்டும் நோட்டீஸ் அடிச்சு எடுத்துட்டுப் போகாதீங்க.

போன் நம்பர் வாங்கிறதுல ஒரு விஷயம். அந்த நம்பர் பெரும்பாலும் புருஷனோடதோ மகனோடதோ. "உங்க அம்மாவுக்கு மார்ல சந்தேகமா இருக்கு"ன்னு எடுத்த எடுப்புல மகன்கிட்ட சொன்னா அந்தம்மா அடுத்த தடவை வாயே திறக்காது. அந்த ஊர் நர்ஸம்மா இல்லன்னா எம்டிஎம் பொண்ணு மூலமா நேர்ல போய்ச் சொல்லணும். இதுக்கு ஒரு ஆளைச் சம்பளம் போட்டு வைங்க, அவங்க வேலையே தட்டுப்பட்டவங்களைக் கூட்டிட்டுப் போறது மட்டும்தான். பஸ் சார்ஜ், அன்னைக்குப் போன கூலி, துணைக்கு வர்றவங்க கூலி, மத்தியானச் சாப்பாடு, இதெல்லாம் உங்க காசுல போகட்டும். சந்தேகம் வந்ததுலேருந்து 60 நாளுக்குள்ள என்னன்னு உறுதி பண்ணிடணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அந்த 60 நாள்தான் உங்க ப்ராஜெக்ட், வேன் வந்து நின்ன நாள் இல்ல.

கேஆர்புரம் சாந்தி
சிஸ்டர் சொன்னது நூத்துக்கு நூறு. எங்க பெரியம்மாவோட பெங்களூர் கிட்வாய் கேன்சர் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சிருக்கேன், ஓசூர்லேருந்து பஸ் ஏறினா நேரா வந்துடலாம், தூரம் ஒரு பிரச்சினையே இல்ல. வீட்டுல எல்லாரும் "ஊசி குத்தினா பரவிடும்"னு பயாப்ஸியை வேணாம்னு சொன்னதுதான் பிரச்சினை. ஊசி குத்திப் பார்த்தா பரவாது, மரத்துப்போக ஊசி போட்டுதான் எடுப்பாங்க, சின்னத் துணுக்குதான். இதை கேம்ப்லயே புருஷங்களையும் மாமியாரையும் உட்கார வச்சு சொல்லுங்க, பொம்பளைங்ககிட்ட மட்டும் சொல்லி என்ன ஆகப்போகுது, முடிவெடுக்கிறது அவங்களா? கட்டின்னாலே கேன்சர் இல்ல, பெரும்பாலான கட்டி சாதாரணக் கட்டிதான்னும் சேர்த்துச் சொல்லுங்க, இல்லன்னா பயத்துலயே ஓடிடுவாங்க.

ஹொரமாவு கார்த்தி
ரொம்ப நன்றி மீனா, கலா அக்கா, சாந்தி. தெர்மல் பார்ட்டிக்கு நோ சொல்லிட்டேன். நர்ஸ் ட்ரெய்னிங் + கூட்டிட்டுப் போற ஆள் சம்பளம் + பஸ் சார்ஜ்னு புது பட்ஜெட் போட்டுப் பார்த்தா வேன் காசுல பல வருஷம் ஓட்டலாம் போல இருக்கு. ஆனா மேனேஜர் "இதுல ஃபோட்டோ எங்க இருக்கு"ன்னு கேட்கிறார் 🤦 அக்டோபர்ல ஒரே நாள் வாடகை வேன் நிறுத்திக்கலாமான்னு யோசிக்கிறேன். இன்னொண்ணு, இதைப் பத்திப் பேசிட்டு இருக்கும்போது எங்க ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருத்தங்க தனக்கும் ஒரு கட்டி கொஞ்ச நாளா இருக்குன்னு என் வைஃப்கிட்ட மட்டும் மெதுவா சொல்லியிருக்காங்க, வலி இல்லையாம். கேம்ப் ஆரம்பிச்சதும் முதல் ஆளா அவங்களைப் பார்த்துடலாமா?

கலா சிஸ்டர்
தம்பி, கேம்ப்பெல்லாம் ஒண்ணும் இல்லாம இருக்கிறவங்களுக்கு. கட்டி தட்டுப்பட்டவங்க ஸ்க்ரீனிங்குக்குக் காத்திருக்கக் கூடாது, வலி இல்லாத கட்டின்னா இன்னும் சீக்கிரம் பார்க்கணும். இந்த வாரமே உங்க வைஃபைக் கூடப் போகச் சொல்லுங்க, நீங்க போகாதீங்க, அந்தக்கா கூச்சப்படுவாங்க. அபார்ட்மென்ட் சூப்பர்வைசர்கிட்ட அன்னைக்குக் கூலி பிடிக்கக்கூடாதுன்னு நீங்க பேசிடுங்க. ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை மூணும் ஊர்லதான் இருக்கும், இன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லி ஓசூர் பஸ்ல கொடுத்து விடச் சொல்லுங்க. அந்த அட்டை கர்நாடகா ஆஸ்பத்திரில செல்லுமான்னு போறதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேட்டுக்கோங்க, செல்லலன்னா கிருஷ்ணகிரி பக்கம் எங்க காட்டலாம்னு நான் விசாரிச்சுச் சொல்றேன், இன்பாக்ஸ்ல வாங்க.

எக்ஸ்ரே மீனா
+1. பவுடர் வேணாம்னு சொல்லுங்க.